கான்சாஸ் வாக்கும் காவிரிக் குறுவையும்

அமெரிக்கத் தேர்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவது நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் அதிபர் தேர்தலே. அதிபரின் பதவிக்காலம் பாதி கடந்த நிலையில், ஒரு நவம்பர் மாதத்தில், அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு மட்டும் நடக்கும் தேர்தலை நம் நாளேடுகள் உள்பக்கத்துப் பத்தி ஒன்றில் முடித்துவிடும். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டின் 100 இடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கும் அப்போது வாக்கெடுப்பு. அதிபர் மாறுவதில்லை, ஆதலால் வெளியுறவுக் கொள்கையும் மாறாது என்பது பொதுவான எண்ணம். தஞ்சைத் தரணியின் அண்மைக்கால வேளாண் வரலாற்றைப் படிப்பவர்க்கு இந்த எண்ணம் ஐயத்துக்குரியதாகிறது. 1950 முதல் 1971 வரையான இருபதாண்டுகளில், டெக்சாஸ், கான்சாஸ், அயோவா மாநிலங்களின் வாக்காளர்கள் வாஷிங்டனுக்கு யாரை அனுப்பினார்கள் என்பதற்கும், காவிரிப் படுகையில் குறுவைக்கு என்ன நெல் விதைக்கப்பட்டது என்பதற்கும் தொடர்பு இருந்தது. அத்தொடர்பு நேரானதன்று; பல கைகள் மாறி வந்தது. ஆயினும் உண்மையானது.

தொடங்குமுன் ஒரு சொல்விளக்கம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயரும் காங்கிரஸ்; இந்தியாவை அன்று ஆண்ட கட்சியின் பெயரும் காங்கிரஸ். குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் முன்னதை அமெரிக்க நாடாளுமன்றம் என்றே குறிப்பிடுகிறேன். அதிபர் ஆட்சியின் நடுவே வரும் அதன் தேர்தலை இடைக்காலத் தேர்தல் என்கிறேன். ஓர் உறுப்பினர் இறந்தால் நாம் நடத்தும் இடைத்தேர்தல் வேறு.

பணப்பை யார் கையில்?

அமெரிக்க அரசியல் சட்டம் வெளியுறவை அதிபர் ஒருவரிடமே ஒப்படைத்துவிடவில்லை. உடன்படிக்கை நிறைவேற செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் வேண்டும். பணம் ஒதுக்கும் அதிகாரம் முழுவதும் நாடாளுமன்றத்துடையது. இவற்றினும் நுட்பமானது குழுத் தலைமை. பெரும்பான்மை ஒரு கட்சியிடமிருந்து மற்றொன்றுக்கு மாறினால் வெளியுறவுக் குழு, வேளாண் குழு, நிதி ஒதுக்கீட்டுக் குழு ஆகிய அனைத்தின் தலைவர்களும் மாறுவர். ஒரு மசோதா அவைக்கு வருவதும், குழுவின் மேசையிலேயே கிடந்து மட்குவதும் பெரிதும் அவர்கள் விருப்பம்.

இதன் வலிமையை உலகம் முதலில் உணர்ந்தது 1918இல். அவ்வாண்டு நவம்பர் தேர்தலில் அதிபர் வில்சனின் ஜனநாயகக் கட்சி இரு அவைகளையும் இழந்தது. குடியரசுக் கட்சியின் ஹென்றி கேபட் லாட்ஜ் செனட் வெளியுறவுக் குழுவின் தலைவரானார். வில்சன் பாரிசில் பாடுபட்டு உருவாக்கிய வெர்சேல்ஸ் உடன்படிக்கையை செனட் 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் நிராகரித்தது. தான் முன்மொழிந்த சர்வதேச சங்கத்தில் அமெரிக்காவே சேரவில்லை.

இதிலிருந்து ஒரு விதியை வகுத்துக்கொள்ளவும் முடியாது. 1946இல் ட்ரூமன் இரு அவைகளையும் இழந்தார். ஆனால் எதிர்க்கட்சியிலிருந்து வெளியுறவுக் குழுத் தலைவராக வந்த ஆர்தர் வாண்டன்பர்க், மார்ஷல் திட்டத்தை நிறைவேற்றித் தந்தவர்களுள் முதன்மையானவர். 2006 நவம்பரில் இராக் போர்மீது மக்கள் கொண்ட சினம் புஷ்ஷின் கட்சியை இரு அவைகளிலும் தோற்கடித்தது; மறுநாளே பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டு விலகும் செய்தி வந்தது. ஆனால் ஏறத்தாழ இரண்டு மாதங்களில், 2007 ஜனவரியில், புஷ் இராக்குக்குக் கூடுதல் படைகளை அனுப்பினார். இந்தியாவுடனான அணுசக்தி ஒத்துழைப்புக்கு வழிவகுத்த சட்டமோ, தோற்ற நாடாளுமன்றம் கலையுமுன், அவ்வாண்டு டிசம்பரில், இரு கட்சியினர் ஆதரவோடு நிறைவேறிவிட்டது.

ஆகவே தேர்தல் முடிவு கொள்கையின் திசையை எப்போதும் திருப்புவதில்லை. அது மாற்றுவது பெரும்பாலும் வேறு மூன்று: காலம், நிபந்தனை, விலை. எப்போது கிடைக்கும், என்ன கட்டுப்பாட்டோடு கிடைக்கும், பதிலுக்கு என்ன கேட்பார்கள் என்பவை. வல்லரசோடு சமமாகப் பேச இயலும் நாட்டுக்கு இவை சிறு மாற்றங்கள். பசியோடு காத்திருக்கும் நாட்டுக்கு இவையே எல்லாம்.

மணலுக்குக் கோதுமை

1950 நவம்பர் தேர்தலில் ட்ரூமனின் கட்சி பெரும்பான்மையை இழக்கவில்லை. ஆனால் பிரதிநிதிகள் சபையில் 28 இடங்களும் செனட்டில் 5 இடங்களும் பறிபோயின. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. மறு மாதம், சென்னை மாகாணமும் பீகாரும் வறட்சியில் வாடியிருந்த வேளையில், இந்தியா 20 லட்சம் டன் தானியம் கேட்டு அமெரிக்காவை அணுகியது. கொரியா குறித்தும் சீனம் குறித்தும் நேரு எடுத்த நிலைப்பாட்டை அந்நாட்டு உறுப்பினர் பலர் மன்னிக்கத் தயாராக இல்லை. 1951 பிப்ரவரியில் ட்ரூமன் கோரிக்கையை அவைக்கு அனுப்பினார். அது குழுக்களில் சிக்கி மாதக்கணக்கில் நகரவில்லை.

அப்போது எழுந்த நிபந்தனைகளுள் ஒன்று தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது. கோதுமைக்கு ஈடாக, தோரியம் செறிந்த மோனசைட் மணலைத் தர வேண்டும் என்று உறுப்பினர் சிலர் வற்புறுத்தினர். அந்த மணல் கிடைப்பது அன்றைய திருவிதாங்கூர்க் கரையில். இன்றைய குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி அதில் அடங்கும். அணுசக்திக்குரிய அம்மணலின் ஏற்றுமதியை இந்தியா தடுத்திருந்தது. நேரு இணங்கவில்லை. இதற்கிடையே சோவியத் ஒன்றியமும் சீனமும் தானியம் தர முன்வந்தது வாஷிங்டனை உறுத்தியது. முடிவில் நிபந்தனை தளர்த்தப்பட்டு, நன்கொடை என்று தொடங்கியது 19 கோடி டாலர் கடனாக மாறி, 1951 ஜூன் 15இல் சட்டமாயிற்று. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவே ஆறு மாதம்.

ஆறு மாதம் என்பதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2022 தேர்தலில் பிரதிநிதிகள் சபையைக் குடியரசுக் கட்சி சிறு வேறுபாட்டில் வென்றபின், 2023 அக்டோபரில் பைடன் உக்ரைனுக்காகக் கேட்ட நிதி 2024 ஏப்ரலில்தான் நிறைவேறியது. அங்கும் ஏறத்தாழ ஆறு மாதம். அங்கும் கொள்கை மாறவில்லை. காலம் மட்டும் கடந்தது. அந்தக் காலத்துக்குள் போர்முனையில் குண்டுகள் தீர்ந்தன. 1951இல் நம் பக்கத்தில் தீர்ந்தவை பங்கீட்டுக் கடைகளின் இருப்புகள்.

பி.எல். 480

1954 ஜூலையில் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட ஒரு சட்டம் இந்நிலையை மாற்றியது. அதன் எண் 480; பி.எல். 480 என்றே நம் பெரியவர்கள் அதை அறிவார்கள். அமெரிக்கப் பண்ணைகளில் மிஞ்சிக் கிடந்த தானியத்தை, டாலர் இல்லாத நாடுகளுக்கு அவற்றின் நாணயத்திலேயே விற்க அது வழிசெய்தது. இதை வெறும் ஈகை என்பதும் தவறு, வெறும் சூழ்ச்சி என்பதும் தவறு. கோதுமை விளையும் மாநிலங்களின் உறுப்பினர்களுக்குக் களஞ்சியம் காலியாக வேண்டும். அடுத்த தேர்தலில் உழவர் வாக்கு வேண்டும். இந்தியாவுக்கோ, அந்நியச் செலாவணியை ஆலைகளுக்கு ஒதுக்கிவிட்டு நகரங்களுக்குச் சோறிட வேண்டும். இரு தேவைகளும் ஒரு கப்பலில் ஏறின. 1956இல் முதல் ஒப்பந்தம். 1960 மே மாதம் உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீல் நான்காண்டுகளுக்கு 1 கோடியே 70 லட்சம் டன்னுக்கு ஒப்பந்தம் செய்தார்.

இந்தக் கோதுமைக்கு நாம் கொடுத்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் குவிந்தது. இலக்கிய அன்பர்களுக்கு ஒரு துணைச் செய்தி: மிச்சிகன் உறுப்பினர் ஜான் டிங்கல் 1958இல் கொண்டுவந்த ஒரு திருத்தம், அந்த ரூபாயைக் கொண்டு இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்ப இடமளித்தது. 1962 முதல் தமிழ் நூல்களும் இதழ்களும் அவ்வாறு கப்பலேறின. நம் ஊர்களில் கரையான் தின்ற பல பதிப்புகள் அங்குள்ள பல்கலைக்கழக அடுக்குகளில் பத்திரமாக இருப்பதற்கு ஒரு காரணம், நாம் தின்ற கோதுமை.

குட்டைக் கயிறு

1965 ஜூனில் நீண்டகால ஒப்பந்தம் முடிவுற்றது. ஜான்சன் அதைப் புதுப்பிக்கவில்லை. மாதம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அளந்து அளந்து தர ஆணையிட்டார். அம்முறைக்கு அமெரிக்க அதிகாரிகளிடையே வழங்கிய பெயர், குட்டைக் கயிற்றில் கட்டுதல் என்று பொருள்படும். வரப்போரத்தில் மாட்டை அப்படிக் கட்டுபவர்கள் நாம். அதன் பொருள் நமக்கு விளக்க வேண்டியதில்லை. எட்டிய மட்டும் மேயலாம். கட்டியவன் மனம் வைத்தால்தான் அடுத்த இடம்.

அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த நாட்டின் உணவு தானிய விளைச்சல் 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. 1966இல் ஒரு கோடி டன்னுக்கு மேல் இறக்குமதி. அமெரிக்கக் கோதுமை விளைச்சலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்தியாவுக்கு வந்தது. அதே 1966இல், இந்திரா காந்தி மாஸ்கோவில் வியட்நாம் குண்டுவீச்சைக் கண்டித்த கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். கயிறு மேலும் குட்டையாயிற்று.

1966 நவம்பர் 8 தேர்தலில் ஜான்சனின் கட்சி பிரதிநிதிகள் சபையில் 47 இடங்களையும் செனட்டில் 3 இடங்களையும் இழந்தது. பெரும்பான்மை தங்கியது, துணிவு தங்கவில்லை. சில நாள் கழித்து அவர் கையெழுத்திட்ட புதிய உணவுச் சட்டம், பெறும் நாடு தன் வேளாண்மையைத் தானே பெருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்கியது. வட வியட்நாமோடு வணிகம் செய்யும் நாடுகளுக்குக் கதவடைத்தது. இந்தியாவுக்கு அனுப்பும் ஒவ்வொரு டன்னுக்கும் இனி நாடாளுமன்றமும் பொறுப்பேற்கட்டும் என்று ஜான்சன் முடிவு செய்தார். டிசம்பரில் மூன்று உறுப்பினர்கள் பசியை நேரில் கண்டறிய இந்தியா வந்தனர்: டெக்சாசின் போக், அயோவாவின் மில்லர், கான்சாசின் ராபர்ட் டோல். முதலாமவர் அதிபரின் கட்சி. மற்ற இருவரும் எதிர்க்கட்சி. முப்பதாண்டு கழித்து 1996இல் கிளிண்டனை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்ற அதே டோல். மூவரும் உழவர் மாநிலத்தவர். தானியம் அனுப்பலாம் என்றே அறிக்கை தந்தனர். 1967 ஏப்ரலில்தான், மேலும் 30 லட்சம் டன்னுக்கு நாடாளுமன்றத் தீர்மானம் கிடைத்தது.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குட்டைக் கயிறு தேர்தலுக்கு ஓராண்டு முன்பே முடியப்பட்டது. அதை முடிந்தவர் ஜான்சனே. தேர்தல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது மிகை. ஆனால் செனட்டில் பன்னிரண்டாண்டு இருந்து பழகிய அவர், வெளிநாட்டு உதவியில் சலிப்புற்ற அவையின் மனநிலையை வாக்குப்பெட்டி திறக்குமுன்பே படித்திருந்தார். வெளியுறவில் தேர்தலின் விளைவு பல வேளைகளில் தேர்தலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

ஆடுதுறையின் விடை

இந்தக் கயிற்றை அறுக்க எடுத்த முயற்சியின் ஒரு களம் தஞ்சை. 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் வல்லுநர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி குறித்து அளித்த அறிக்கையை ஒட்டி, நீர்வளம் உறுதியான மாவட்டங்களில் விதை, உரம், கடன், ஆலோசனை அனைத்தையும் ஒருங்கே குவிக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. முதலில் தேர்ந்த ஏழு மாவட்டங்களில் லூதியானாவும் ஒன்று, தஞ்சாவூரும் ஒன்று. 1960இல் இங்கு தொடங்கிய அதை மக்கள் 'பேக்கேஜ் திட்டம்' என்றே அழைத்தனர். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14ஆம் நாள், நம் பொங்கலன்று, தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் அமைந்ததும் தஞ்சாவூரிலேயே.

1922 முதல் இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய நோரின் 10 நெல்லையும் கோயம்புத்தூரில் உருவான ஜி.இ.பி. 24 நெல்லையும் கலந்து பிறந்த ஏ.டி.டி. 27 ரகத்தை 1960களின் நடுவில் வெளியிட்டது. ஏறத்தாழ 105 நாளில் விளையும் குறுவை நெல். மேட்டூரில் ஜூன் மாதம் நீர் திறந்தால் குறுவையை முடித்துத் தாளடிக்கு நிலத்தைத் தயாராக்கிவிடலாம். உரத்துக்கு விளைச்சலால் விடை சொல்லும் பயிர் அது. ஆகவே உரத்துக்கும் தேவை பெருகியது. 1965 நவம்பரில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமனுடன் ஓசையின்றிச் செய்துகொண்ட உடன்பாட்டில், வேளாண்மைக்குக் கூடுதல் முதலீடும் உரப் பெருக்கமும் உறுதியளிக்கப்பட்டிருந்தன. 1966 இறுதியில் மணலியில் அமெரிக்க நிறுவனமான ஆமோக்கோவைப் பங்காளியாகக் கொண்டு சென்னை உரத் தொழிற்சாலை உருவானது. படுகை வயல்களில் இறங்கிய 'விஜய்' யூரியா அங்கிருந்து வந்ததே.

இவற்றின் அரசியல் விலையைச் செலுத்தியவர்களும் நம்மவரே. அமெரிக்கத் தேர்தலுக்குப்பின் ஏறத்தாழ நூறு நாளில், 1967 பிப்ரவரியில், இந்தியாவில் பொதுத்தேர்தல். சென்னை மாநிலத்தில் அரிசித் தட்டுப்பாடும், முந்தைய இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் ஆறாத வடுவும் காங்கிரஸ் கட்சியை வீழ்த்தின. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் இலக்கை முன்வைத்த தி.மு.க. ஆட்சி அமைத்தது, அவ்வாண்டே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் தொடங்கியது. பசுமைப் புரட்சியின் அமைச்சரான சுப்பிரமணியம் கோபிச்செட்டிப்பாளையத்தில் தோற்றார். கான்சாஸ் வாக்காளரும் கோபிச்செட்டிப்பாளையத்து வாக்காளரும் ஒருவரை ஒருவர் அறியார்; இருவரும் தத்தம் நாட்டு விலைவாசியை எண்ணியே வாக்களித்தனர். ஆனால் இருவர் வாக்கும் ஒரே தானியக் கணக்கில் பதிவாயின.

அதைவிடப் பெரிய விலை ஒன்று உண்டு. விளைச்சல் ஏறியது, அதன் பயன் நிலமுள்ளவரிடம் மிகுதியாகத் தங்கியது. களத்துமேட்டில் நின்ற கூலியாளின் படி அதற்கேற்ப உயரவில்லை. கூலி உயர்வுக் கோரிக்கையும், சங்கமாகச் சேர்ந்ததற்கான பகையும், சாதியின் கொடுமையும் ஒன்றுகூடிய கீழத்தஞ்சையில், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கணபதியா பிள்ளை ஆணையமும், 1969ஆம் ஆண்டின் நியாயக் கூலிச் சட்டமும் அதன் பிறகே வந்தன. வெண்மணிக்கு வாஷிங்டன் காரணம் என்று எவரும் சொல்ல முடியாது; அதன் வேர்கள் நம் மண்ணில், நம் பழைய பண்ணையங்களில் இருந்தன. ஆனால் வெளியிலிருந்து வந்த நெருக்கடிக்கு விடைதேடிய அரசு, விளைச்சலை எண்ணிய அளவுக்கு விளைவித்தவரை எண்ணவில்லை. பிரான்சின் ஃபிராங்கெல் என்னும் அமெரிக்க ஆய்வாளர் தஞ்சை உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களை ஆராய்ந்து 1971இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, பொருளாதார ஆதாயத்தோடு அரசியல் விலையையும் சேர்த்துப் பேசுகிறது.

அறுந்த கயிறு

1971 டிசம்பரில் வங்கதேசப் போரின்போது நிக்சன் இந்தியாவுக்கான பொருளுதவியை நிறுத்தினார். 1966இல் அது நடந்திருந்தால் நம் துறைமுகங்களில் பட்டினி வந்து இறங்கியிருக்கும். 1971இல் களஞ்சியத்தில் நெல்லும் கோதுமையும் இருந்தன. சலுகைத் தானிய இறக்குமதியை அவ்வாண்டோடு முடித்துக்கொள்வதாக இந்தியாவே அறிவித்தது. அடுத்த ஆண்டுகளின் வறட்சியில் மீண்டும் தானியம் வாங்க நேர்ந்தது உண்மை. ஆனால் அது சந்தையில் காசு கொடுத்து வாங்கியது. 1974 பிப்ரவரியில், குவிந்திருந்த ரூபாயில் 1,664 கோடிக்கு அமெரிக்கத் தூதர் மொய்னிஹான் இந்திய அரசுக்குக் காசோலை அளித்ததோடு பி.எல். 480இன் பெரிய கணக்கு மூடப்பட்டது.

இந்த வரலாறு தரும் அளவுகோல் எளியது. இனி ஒரு நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்ற முடிவுகள் வரும்போது, எக்கட்சி வென்றது என்பதோடு நின்றுவிடாமல் மூன்று வினாக்கள் கேட்கலாம். எந்தக் குழுவின் தலைமை யாரிடம் சென்றது? அவர் தொகுதியில் விளைவதும் மிஞ்சுவதும் என்ன? அவர் ஆறு மாதம் தாமதித்தால் நம்மிடம் எத்தனை மாதத்துக்கு இருப்பு உண்டு? முதல் இரண்டுக்கும் விடை அங்கே இருக்கிறது. மூன்றாவதன் விடை நம் கையில்.

புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குப் பாடிய பாட்டு ஒன்று உண்டு. அம்மன்னன் பெரும்போர் வென்ற தலையாலங்கானம் நம் திருவாரூர்ப் பக்கத்து ஊர் என்பர். மறுமையும் புகழும் வேண்டுமாயின் நிலம் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கு என்று வெற்றி வேந்தனுக்குப் புலவர் அறிவுறுத்துகிறார். வெளியுறவுக் கொள்கைக்கும் அதனினும் அடிப்படையான பாடம் இல்லை. ஆனால் தேக்கிய நீர் எவர் வயலுக்குப் பாய்ந்தது, விளைந்த நெல்லில் அறுத்தவர்க்கு எத்தனை படி கிடைத்தது என்ற கணக்கையும் அதனோடு சேர்த்தே வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தஞ்சை எழுதி முடித்துவிட்டதாக இன்னும் சொல்வதற்கில்லை.